சுவருக்கு அந்தப் பக்கம் உடைந்த ரவுட்டர்

பக்கத்து வீட்டில் ஆளை அடிக்கும் சத்தம் கேட்டபோது நான் எழுந்து ஓடவில்லை. நெட் கட்டானபோதுதான் எழுந்து ஓடினேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் எங்காவது நான் வீரன் மாதிரி தெரிந்தால் நீங்கள் நம்பிவிடக் கூடாது.

கோலார் பக்கம் நந்திதுர்க்கில் எங்கள் லைன் வீடுகளுக்கு ஒரே நீளக் கூரை. நடுநடுவே தடுப்புச் சுவர், அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலை எண்ணி என் மனைவி எங்கள் பருப்பை இறக்கியிருக்கிறாள். அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, கோயிலுக்குப் போனவர்கள் திரும்பி வந்த நேரத்தில், சுவருக்கு அந்தப் பக்கம் முதல் அறை விழுந்தது எனக்குத் தெளிவாகவே கேட்டது. கன்னத்தில் விழுந்த அறை. அடுத்தது முதுகு. பாத்திரம் உருண்டது. பக்கத்து வீட்டுக்காரனின் மனைவி கத்தினாள். நான் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து, 'குடும்பச் சண்டை, நமக்கு எதற்கு' என்று முடிவெடுத்து, சத்தத்தைக் கேட்காத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். பார்க்க யாரும் இல்லாத அறையில் எதற்கு அந்த முகம் என்று தெரியவில்லை.

எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. மற்றவர்கள் எழுதும் சாஃப்ட்வேரில் குறை கண்டுபிடிப்பது பெங்களூர் கம்பெனியில் என் உத்தியோகம். வீட்டில் இதே வேலையை என் மனைவி என்மேல் சம்பளமில்லாமல் செய்கிறாள். பல வருஷம் கோரமண்டல் ஸ்டேஷனில் விடியற்காலை ரயிலேறி, நின்றுகொண்டே தூங்கக் கற்றுக்கொண்டவன் நான். இப்போது வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை. அதற்கென்று ஒரு பழைய லேப்டாப் வாங்கி, இலவசமாகக் கிடைக்கும் ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஒன்றைப் போட்டேன். உள்ளே இருக்கும் ஒவ்வொரு வரியையும் யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம் என்கிற வகை. மற்றதெல்லாம் கெட்டுப்போனால் கம்பெனியைத் திட்டலாம். இதில் திட்ட ஆள் கிடையாது. 'நீயே திருத்திக்கொள்' என்று மரியாதையாகச் சொல்லிவிடுவார்கள்.

கெட்டுப்போனது வயர்லெஸ் கார்டு. லேப்டாப்பின் வயிற்றுக்குள் இருக்கும் சின்னச் சில்லு அது. அதை வேலை வாங்கும் புரோகிராமுக்கு டிரைவர் என்று பெயர். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், திடீரென்று நெட் அறுந்துவிடும். மறுபடி ஒட்டும், மறுபடி அறுந்துவிடும். மேனேஜர் ஏதோ கேட்பார். நான் பதில் சொல்ல வாய் திறந்த நிலையில் அவர்கள் திரையில் சிலையாகி நிற்பேன். அந்தப் படத்தை எடுத்து ஆபீசில் சுற்றுக்கு விட்டிருந்தார்கள்.

யு.எஸ்.பி.யில் செருகும் சின்ன அடாப்டர் ஒன்று வாங்கினால் தீர்ந்திருக்கும். மனைவியும் அதைத்தான் சொன்னாள். ஆனால் குறை கண்டுபிடித்தே சாப்பிட்டவனிடம் ஒரு சில்லு மல்லுக்கு நின்றால் விட்டுவிட முடியுமா. டிரைவரின் மூல வரிகளை இறக்கி, சந்தேகப்பட்ட இடத்திலெல்லாம் 'இங்கே வந்தேன், இங்கே போனேன்' என்று பதிவெழுத வைத்தேன். மாதக்கணக்கில் அந்தப் பதிவுகளைப் படித்தேன். இந்தத் தொழிலின் பாஷையே கொலைகார பாஷை. ஒன்றை நிறுத்துவதற்குப் பெயர் கில். தவறாகிவிட்டால் அபார்ட், அதாவது கருக்கலைப்பு. எல்லாம் போய்விட்டால் பேனிக். நானும் அந்தப் பாஷைக்குத் தகுந்த மாதிரி ஆகிவிட்டேன். ஒருநாள் குத்திய குத்தில் கீபோர்டில் இரண்டு எழுத்துகள் எகிறிக் கட்டிலுக்கடியில் போயின. இன்னொருநாள் லேப்டாப்பைத் தூக்கிச் சுவரில் அடிக்கப் போய், சுவர் பக்கத்து வீட்டுக்காரனுக்கும் பாதி சொந்தம் என்பதால் கீழே வைத்தேன்.

அந்த டிரைவருக்குப் பொறுப்பாளர் ஒருவர் ஏதோ பனி பெய்கிற தேசத்தில் இருந்தார். அவருக்கு எழுதினேன். 'எங்களிடம் அப்படி ஆகவில்லையே' என்று பதில் வந்தது. ஊரில் யாருக்கும் வராத வியாதி எனக்கு மட்டும் வந்திருக்கிறது என்று டாக்டர் சந்தேகமாகப் பார்ப்பது மாதிரி இருந்தது. திருப்பி நான் எழுதிய பதிலை அனுப்பவில்லை. அதில் அவருடைய அம்மா வந்துவிட்டார்.

சுவருக்கு அந்தப் பக்கத்துக்காரன் ஏ.சி. மெக்கானிக். முப்பத்தைந்து வயது இருக்கும். அவனும் காலை ரயில்காரன். ரயிலில் எனக்கு இடம் பிடித்து வைப்பான், நான் அவனுக்கு ஜோக் சொல்வேன். அதாவது அவனுக்குத்தான் நஷ்டம். எங்கள் லைனின் கடைசி வீட்டில் இருந்தது நர்ஸ் வேலை பார்க்கும் ஒரு பெண். அவளுக்கு நிச்சயமாகியிருந்தது. யாரோ அவள் படத்தை எடுத்து, வேறு கண்ட படங்களோடு ஒட்டி, அசிங்கமாக எழுதி, மாப்பிள்ளை வீட்டில் ஒவ்வொருவருக்கும் அனுப்பிவிட்டார்கள். கல்யாணம் நின்றது. அவளுடைய அண்ணன் போலீசில் புகார் கொடுத்தான். சொந்தமாக கூட்ஸ் ஆட்டோ வைத்திருப்பவன். கழுத்தே இல்லாமல் நேராகத் தோளிலிருந்து தலை தொடங்குகிற உடம்பு. விசாரித்ததில், அந்தப் படங்கள் போனது எங்கள் லைனில் ஒரு வீட்டு நெட் இணைப்பிலிருந்து என்று தெரிந்தது. இணைப்பு யார் பெயரில் என்பதை அண்ணன்காரன் கேபிள்காரனிடமே கறந்துவிட்டான். ஏ.சி. மெக்கானிக்கின் பெயர். போலீசார் அவனைத் திங்கட்கிழமை விசாரணைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அண்ணன்காரனுக்குத் திங்கட்கிழமை ரொம்ப தூரத்தில் தெரிந்தது. தன் சித்தப்பா பையன்கள் இருவரைக் கூட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமையே வந்துவிட்டான்.

இதெல்லாம் எனக்குச் சுவர் வழியாகவே தெரிந்தது. அவர்கள் அடிக்கு ஒரு வரியாகக் குற்றப்பத்திரிகை வாசித்தார்கள். அவன் 'நான் இல்லண்ணா, நான் இல்லண்ணா' என்று மட்டும் சொன்னான். பிறகு எதையோ சுவரிலிருந்து ஆணியோடு பிடுங்கிய சத்தம். அது தரையில் விழுந்து சிதறிய சத்தம். "இதுல இருந்துதான்டா அனுப்புன?" என்று ஒருவன் கேட்டான்.

அந்த விநாடியில் என் லேப்டாப்பில் நெட் போயிற்று.

என் ரவுட்டர் என் தலைக்கு மேலே பச்சை விளக்கோடு பத்திரமாக இருந்தது. அவன் வீட்டு ரவுட்டர் உடைந்தால் என் வீட்டு நெட் ஏன் போக வேண்டும்? பதிவைப் பார்த்தேன். கடைசியாக என் கார்டு கைகுலுக்கிக்கொண்டிருந்த ரவுட்டரின் முகவரி அதில் இருந்தது. ஒவ்வொரு ரவுட்டருக்கும் பிறக்கும்போதே கொடுத்த முகவரி ஒன்று உண்டு. அடியில் ஸ்டிக்கரில் அச்சடித்திருக்கும். ஸ்டூல் போட்டு ஏறி என்னுடையதைத் திருப்பிப் பார்த்தேன். வேறு முகவரி. இறங்கிப் பழைய பதிவுகளைப் புரட்டினேன். ஒவ்வொரு முறை அறுந்து ஒட்டியபோதும் முகவரி மாறியிருந்தது. மாதக்கணக்கில் நான் சிவப்பில் வந்த பிழைகளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த வீட்டு வாசலில் நிற்கிறேன் என்பதைப் பார்க்கவேயில்லை.

காரணம் எங்கள் லைன். கேபிள்காரன் நெட் கொடுக்க வந்தபோது எல்லா வீட்டு ரவுட்டருக்கும் தன் கடைப் பெயரையே வைத்தான். எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டு. மறந்துவிட்டதென்று ஆளாளுக்கு அவனுக்குப் போன் போடாமல் இருப்பதற்கு அந்த ஏற்பாடு. நாங்களும் மாற்றவில்லை. 'உங்க ஊட்டுது போனா எங்க ஊட்டுது வரும், நல்லதுதான' என்று பேசிக்கொண்டோம். தண்ணீர் வராத நாளில் பக்கத்து வீட்டுக் குழாயில் குடம் வைப்பது மாதிரி. ஆனால் என் டிரைவர் பாவம், ஒரே பெயரில் இத்தனை வீடுகளை எந்தத் தேசத்திலும் பார்த்ததில்லை. கொஞ்சம் பலமான சிக்னல் தெரிந்ததும் அடுத்த வீட்டுக்குத் தாவும். தாவும்போது பழைய வீட்டுச் சாவியையே கையில் வைத்துக்கொண்டு புதிய வீட்டுக் கதவில் நுழைக்கும். கதவு துரத்தும். இதுதான் என் வியாதி.

கண்டுபிடித்த சந்தோஷத்தில் நான் வாய்விட்டுச் சிரித்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவனைத் தரையோடு இழுத்துப் போகிறார்கள், இந்தப் பக்கம் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. என் கார்டு அவன் வீட்டு ரவுட்டரில் போய் ஒட்டியது என்றால், இந்த லைனில் எந்த போனும் போய் ஒட்டியிருக்கும். அவன் பெயரில் இணைப்பு இருப்பதற்கும் அவன் அனுப்பியதற்கும் சம்பந்தமே இல்லை.

வாசலுக்கு வந்தபோது அவன் மனைவி கைக்குழந்தையோடு தெருவில் உட்கார்ந்திருந்தாள். அவள் உதடு கிழிந்திருந்தது, தடுக்கப் போயிருக்கிறாள். கடைசி வீட்டுப் பின்கட்டுக்கு இழுத்துப் போய்விட்டார்கள் என்றாள். ஒப்புக்கொள்கிற வரைக்கும் விரல் விரலாக உடைப்பதாகச் சொன்னார்களாம். வலது கையில் தொடங்குகிறார்களாம். அவன் ஸ்பேனர் பிடிக்கிற கை அது.

"நீங்க பெரியவங்க, நீங்க போய் சொன்னா கேப்பாங்கண்ணா" என்றாள்.

நான் சொன்னால் எங்கள் வீட்டுப் பூனையே கேட்காது. ஆனாலும் லேப்டாப்பைத் திறந்தபடியே இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நடந்தேன். பார்த்தவர்கள் ஏதோ ஆரத்தித் தட்டு என்று நினைத்திருப்பார்கள். வழியில் வீட்டு வாசல்களில் ஆட்கள் நின்றிருந்தார்கள். என்ன நடக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. யாரும் இறங்கவில்லை. நான் குறை சொல்ல மாட்டேன். நெட் மட்டும் போகாமலிருந்தால் நானும் அந்த வாசல்களில் ஒன்றில்தான் நின்றிருப்பேன்.

பின்கட்டில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் அவனை முட்டி போட வைத்திருந்தார்கள். இடது கையை ஒருவன் முதுகுக்குப் பின்னால் முறுக்கிப் பிடித்திருந்தான். வலது கையைக் கல்மேல் பரப்பி இன்னொருவன் மணிக்கட்டில் முழங்காலை ஊன்றியிருந்தான். அண்ணன்காரன் கையில் தண்ணீர்க் குழாய்த் துண்டு, இரும்பு. சுண்டுவிரல் ஏற்கெனவே போயிருந்தது. அது நிற்க வேண்டிய திசையில் நிற்கவில்லை. அவன் மூக்கிலிருந்து ரத்தம் சட்டைப் பொத்தான் வரிசையோடு இறங்கிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் அவன் அழத் தொடங்கினான். அதுவரைக்கும் அழவில்லை போல.

நான் லேப்டாப்பை உயர்த்திப் பிடித்து விளக்கத் தொடங்கினேன். முகவரி, சிக்னல், தாவல், சாவி எல்லாம் சொன்னேன். இருபது வருஷம் மீட்டிங்கில் பேசிய பழக்கம். நடுவில் 'அடுத்ததாக' என்று வேறு சொன்னேன். அண்ணன்காரன் பொறுமையாகக் கொஞ்ச நேரம் கேட்டான். பிறகு குழாயை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையால் என் கன்னத்தில் ஒன்று விட்டான். லேப்டாப் சேற்றில் விழுந்தது. நானும் சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். காதுக்குள் ரயில் போகிற சத்தம்.

"அண்ணா, நீங்க ஊட்டுக்குப் போங்க. இது உங்க காமெடி இல்ல" என்றான்.

அடித்தபோதும் அண்ணா என்றுதான் கூப்பிட்டான். எங்கள் பக்கத்தில் மரியாதை அவ்வளவு சீக்கிரம் போகாது.

சொல்லிவிட்டுத் திரும்பி, மோதிர விரல்மேல் குழாயை இறக்கினான். பெரிய சத்தமெல்லாம் இல்லை. காய்ந்த குச்சியை மிதித்தால் வருமே, அது. ஏ.சி. மெக்கானிக் போட்ட கூச்சலில் கூரைமேல் இருந்த புறாக்கள் எழும்பின.

அடி வாங்கியபின் எனக்கு மூளை கொஞ்சம் நன்றாக வேலை செய்தது. சேற்றில் இருந்தபடியே, "உன் போனை எடு" என்றேன். "சிம் நெட்ட அணைச்சிட்டு எதுனா ஒரு வீடியோ போடு. அப்புறம் உன் ஊட்டு ரவுட்டரைப் புடுங்கிப் போடு. வீடியோ நின்னுதுன்னா என் கையையும் அந்தக் கல்லு மேல வைக்கறேன்."

இப்படி ஒரு வசனத்தை நான் சொன்னேன் என்று இன்றைக்கும் என் மனைவி நம்பவில்லை. சொல்லும்போதே ஒருவேளை வீடியோ நின்றுவிட்டால் எந்தக் கையைக் கொடுப்பது என்று யோசித்தேன்.

மணிக்கட்டில் முழங்காலை ஊன்றியிருந்தவன் எழுந்தான். யோசித்து எழுந்த மாதிரி தெரியவில்லை, கால் வலித்திருக்கும். அவன் தன் போனில் ஏதோ கிரிக்கெட் மாட்ச் போட்டான். அண்ணன்காரன் வீட்டுக்குள் போய் ரவுட்டரின் வயரைப் பிடுங்கி, ரவுட்டரையே கையில் தூக்கிக்கொண்டு வந்தான். அதில் ஒரு விளக்கும் எரியவில்லை. போனில் படம் ஒரு மூச்சு நின்றது. வட்டம் சுற்றியது. பிறகு பந்து வீசுபவன் மறுபடி ஓடி வந்தான்.

கமெண்டரிக்காரர் மட்டும் பேசிக்கொண்டிருந்தார்.

"யாரு ஊட்டு நெட்டுடா இது?" என்று அண்ணன்காரன் கேட்டான்.

"உங்க பக்கத்து ஊட்டுது. இல்லனா அதுக்குப் பக்கத்துது" என்றேன். "நீ இப்ப யாரையாவது அசிங்கமா திட்டி மெசேஜ் அனுப்பு. போலீசு அந்த ஊட்டுப் பெரியம்மாவைத்தான் வந்து கூப்புடும்."

அவன் கையிலிருந்த செத்த ரவுட்டரைப் பார்த்தான். துவைக்கிற கல்மேல் கிடந்த கையைப் பார்த்தான். முறுக்கிப் பிடித்திருந்தவன் பிடியைத் தளர்த்தினான். ஏ.சி. மெக்கானிக் தன் வலது கையை மெதுவாகக் கல்லிலிருந்து எடுத்து, குழந்தையைத் தூக்குவது மாதிரி நெஞ்சோடு வைத்துக்கொண்டான். அந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்க வேண்டும். சேற்றிலிருந்து எழுந்து, லேப்டாப்பைத் துடைத்துக்கொண்டு, வீட்டுக்குப் போயிருக்க வேண்டும்.

"அப்போ யாரு வேணா அனுப்பி இருக்கலாம்?" என்று அண்ணன்காரன் கேட்டான்.

"யாரு வேணா" என்றேன்.

"நீங்களும்?"

சாஃப்ட்வேரில் குறை கண்டுபிடிக்கிறவனுக்கு ஒரு நோய் உண்டு. கேள்வி சரியாக இருந்தால் பதிலையும் சரியாகச் சொல்லிவிடுவான். "ஆமா, நானும் பண்ணி இருக்கலாம்" என்றேன். நியாயம்தானே. இன்னும் தெளிவாக இருக்கட்டும் என்று, இந்த லைனிலேயே இதெல்லாம் ரொம்பத் தெரிந்தவன் நான்தான் என்றும் சேர்த்தேன்.

குழாய் என் தோளில் இறங்கியது. இரண்டாவது அடி விலாவில். சேற்றில் சாய்ந்தபின் கால்கள் வந்தன. சித்தப்பா பையன்கள் ஒரு நல்ல காரியம் தவறிப்போன ஏமாற்றத்தில் இருந்தார்கள். அதையெல்லாம் என்மேல் தீர்த்துக்கொண்டார்கள். வயிற்றில் ஒரு மிதி விழுந்து காலையில் தின்ற இட்லி வெளியே வந்தது. ஜோக் அடித்தே ஐம்பது வருஷம் அடி வாங்காமல் தப்பித்தவன் நான். பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான், ரயிலிலும் அப்படித்தான். அன்றைக்கு வாயில் மண் இருந்தது. தலையை இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டு, அம்மா என்று மட்டும் சொன்னேன்.

அடி நின்றது எனக்கு உடனே தெரியவில்லை. உடம்பு அது பாட்டுக்கு அடுத்ததை எதிர்பார்த்துக்கொண்டிருந்தது. வேறு எங்கோ ஓர் அடி விழுந்தது கேட்டது. கண்ணைத் திறந்தால், அண்ணன்காரன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தான். அவனுக்கு எதிரே அவன் தங்கை. குழாய் இப்போது அவள் கையில். அவள் எப்போது வந்தாள், எப்படிப் பிடுங்கினாள் என்று நான் பார்க்கவில்லை. ஓங்கி இன்னொன்றும் போட்டாள், அவன் தொடையில். சித்தப்பா பையன்கள் இரண்டு பேரும் சுவரோரம் ஒதுங்கிவிட்டார்கள்.

"நான் கேட்டனா?" என்றாள். குரல் உயரவில்லை. "எனுக்காக அடிக்கறேன்னு ஊரெல்லாம் சொல்லிகினு கீறியே, நான் உன்னக் கேட்டனா? படத்த ஒருத்தன் தெருவுல போட்டான். இப்ப நீ ரத்தத்த என் வாசல்ல போட்டுகினு கீற."

அண்ணன்காரன் துவைக்கிற கல்மேல் உட்கார்ந்துவிட்டான். அவள் குழாயைக் கிணற்றடிப் பக்கம் எறிந்துவிட்டு, உள்ளே போய் பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்றும் துணியும் கொண்டுவந்தாள். ஏ.சி. மெக்கானிக்கின் முன்னால் உட்கார்ந்து, உடைந்த இரண்டு விரல்களையும் ஸ்கேலோடு வைத்துக் கட்டினாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தை அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. கட்டி முடித்தபின், "ஆட்டோவ எடு. கோலாருக்குப் போவணும்" என்று அண்ணனிடம் சொன்னாள்.

அப்படித்தான் நாங்கள் எங்களை அடித்தவனுடைய கூட்ஸ் ஆட்டோவிலேயே ஜில்லா ஆஸ்பத்திரிக்குப் போனோம். வேறு வண்டிக்கு யாரும் முன்வரவில்லை. பின்னால் சரக்கு வைக்கிற இடத்தில் ஏ.சி. மெக்கானிக், அவன் மனைவி, குழந்தை, அந்தப் பெண், நான். ஒவ்வொரு வேகத்தடையிலும் என் விலா தான் இரண்டாக இருப்பதை எனக்குத் தெரிவித்தது. ஓட்டுகிறவன் வேகத்தடை வரும்போதெல்லாம் ரொம்பப் பதமாக ஏற்றி இறக்கினான். அடிக்கும்போது அந்தப் பதம் இருந்திருக்கலாம்.

பங்காருபேட்டை தாண்டி வண்டியை ஓரம் கட்டினான். இறங்கிப் பின்பக்கம் வந்தான். அவன் கண் சிவந்திருந்தது. டாக்டர் கேட்டால் மாடியிலிருந்து விழுந்துவிட்டோம் என்று சொல்லும்படி கேட்டுக்கொண்டான். செலவெல்லாம் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். தன் மேல் கேஸ் வந்தால் தங்கை பெயர் மறுபடியும் ஸ்டேஷனில் அடிபடும் என்றான். எங்கள் லைனில் மாடியே கிடையாது. அதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். ஆனால் தலை தானாகவே ஆடிவிட்டது, சரி என்று. எனக்கு அந்த நேரத்தில் யார் என்ன சொன்னாலும் சரிதான். ஏ.சி. மெக்கானிக் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆஸ்பத்திரியில் டூட்டி டாக்டர் ஓர் இளம்பெண். கன்னடத்தில் எப்படி ஆயிற்று என்று கேட்டாள். அண்ணன்காரன் கதவோரம் நின்றான். ஏ.சி. மெக்கானிக் உட்கார்ந்த இடத்திலிருந்து, சுத்தமான கன்னடத்தில், அடித்தார்கள் என்றான். யார் என்று கேட்டாள். கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் கதவைக் காட்டினான். ஸ்கேல் அந்தப் பக்கம் நேராக நீட்டிக்கொண்டிருந்தது.

அண்ணன்காரன் ஓடுவான் என்று நினைத்தேன். ஓடவில்லை. தங்கையைப் பார்த்தான்.

அவன் மட்டும் இல்லை, இன்னும் இரண்டு பேர் என்று அவள் டாக்டரிடம் சொன்னாள். தான் நேரில் பார்த்ததாகவும், எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்வதாகவும் சொன்னாள். பிறகு தமிழில், கதவுப் பக்கம் திரும்பாமலே, "என் பேரு இதுக்கு மேல கெடறதுக்கு ஒண்ணும் இல்லண்ணா. அவரு கை போச்சு" என்றாள்.

டாக்டர் என் பக்கம் திரும்பி, நீங்களும் விழுந்தீர்களா என்று கேட்டாள். நான் வரும் வழியில் ஒத்திகை பார்த்திருந்த மாடிப்படிகளையெல்லாம் விழுங்கிவிட்டு, இல்லை, அதே ஆட்கள்தான் என்றேன். வாழ்க்கையில் நான் கன்னடத்தில் சொன்ன மிகச் சின்ன வாக்கியம் அது.

அண்ணன்காரனும் சித்தப்பா பையன்களும் உள்ளே போய், ஜாமீனில் வெளியே வந்தார்கள். கேஸ் கோலாரில் நடக்கிறது. படங்களை அனுப்பியது யார் என்று இன்றுவரை தெரியவில்லை. எங்கள் லைனில் பாதிப் பேருடைய போன்களைப் போலீசார் வாங்கிப் பார்த்தார்கள். சேறு காயாத என் லேப்டாப்பையும் சேர்த்துத்தான். ஏ.சி. மெக்கானிக்கின் மேல் ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மோதிர விரல் கூடிவிட்டது. சுண்டுவிரல் மடங்காது. ஸ்பேனரைப் பிடித்தால் அது மட்டும் டீ கிளாஸ் பிடிக்கிற துரை மாதிரி தனியாக நிற்கிறது. ரயிலில் அதைச் சொல்லி நானே சிரிக்க வைக்கப் பார்த்தேன். அவன் சிரித்தான், என்னைப் பார்க்காமல்.

லேப்டாப் திரும்பி வந்ததும் டிரைவரைத் திருத்தினேன். தாவுவதற்கு முன் பழைய சாவியைத் தூக்கி எறிய வேண்டும், இரண்டே வரி. பனி தேசத்துக்காரருக்கு அனுப்பினேன். ஒரே பெயரில் பல ரவுட்டர்கள் இருக்கும் இடத்தில் ஓட்டிப் பார்த்துச் சொல்லும்படி பதில் எழுதினார். உலகத்தில் அதற்கு எங்கள் லைனைவிட நல்ல இடம் கிடையாது. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த நாளே எல்லா வீட்டிலும் பெயரையும் பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டார்கள். இப்போது யாருடைய நெட்டும் யாருக்கும் வராது. கரண்ட் போனால் 'உங்க ஊட்லயும் போச்சா' என்று யாரும் யாரையும் கேட்பதுமில்லை.

அதனால் ஒரு சாயங்காலம் ஏ.சி. மெக்கானிக் வீட்டு வாசலில் போய் நின்றேன். புது ரவுட்டரை அதே சுவரில் மாட்டியிருந்தான். பழைய ஆணி பிடுங்கிய இடத்தில் சுவர் பெயர்ந்து செங்கல் தெரிந்தது. ஒரே ஒரு மணி நேரம், அவன் ரவுட்டருக்கு என் ரவுட்டரின் பெயரையும் பாஸ்வேர்டையும் வைத்துக்கொள்ளலாமா, சோதனை முடிந்ததும் நானே மாற்றிக் கொடுத்துவிடுகிறேன் என்று கேட்டேன். அவன் மனைவி குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு அவனைப் பார்த்தாள்.

"வேணாண்ணா" என்றான். "வேற இன்னா வேணா கேளுங்க."

சரிப்பா என்று சொல்லிவிட்டு வந்தேன். அவன் கதவைச் சாத்திக்கொண்டான். மெதுவாகத்தான் சாத்தினான், ஆனால் தாழ்ப்பாள் போடும் சத்தமும் கேட்டது.